ஈரம் தொடங்கும் புள்ளி

பரந்தன் மில்லில் உமி வாங்கி
பஸ்ஸில் வந்தோம்.
ஆரபியின் மடியில் ஒரு ஷொப்பிங் பை,
என் மடியில் ஒன்று.
அமிலத்தில் அவித்து, கழுவி, எரித்த பிறகு
மிஞ்சிய வெண்தூள்
ஒரு நெஸ்ரமோல்ற் டின்னுக்குள் அடங்கிவிட்டது.

இதற்குத் தாங்கி என்று பெயர்.
தானாக ஒன்றும் செய்யாது.
செய்கிறதுக்கு இடம் விடும்.

கோபாற்று நைத்திரேற்றைக் கரைத்தால்
கூல்பாரில் சர்பத்துக்கு விடுகிற ரோசாப் பாகு.
"வாயில வைச்சிடாதேங்கோ" என்பான் யூட் அமலன்,
ஒவ்வொரு முறையும், முகம் மாறாமல்.

ஒரு கிராம் தூள் எவ்வளவு குடிக்கும் என்று
முதலில் வெறும் தண்ணீரில் பார்க்கவேண்டும்,
வடித்த தண்ணீரில்.
திருநெல்வேலிக் கிணறு முழுக்கச் சுண்ணாம்பு.
பிறகு நிறத்தை விடலாம்.
ஒரு துளி. கிளறு. தூள் தூளாகவே கிடக்கும்.
இன்னொரு துளி. கிளறு.
குடித்ததைக் காட்டாத ஆள்மாதிரி
உதிர்ந்துகொண்டே இருக்கும்.
பிறகு ஏதோ ஒரு துளியில்
கரண்டியைப் பிடித்துக்கொள்ளும்.
அங்கே கை நிற்கவேண்டும்.
அதற்கு மேல் ஒரு சொட்டு, சேறு.
நான் மூன்று தரம் சேறாக்கினேன்.

சூடு ஏற்றுவது நிமிடத்துக்கு ஒரு பாகை.
அவசரப்பட்டால் மணிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக் கட்டியாகும்.
கட்டியானால் வெளியில் இருப்பது மட்டும் வேலை செய்யும்,
உள்ளே இருப்பது சும்மா பாரம்.
தள்ளித் தள்ளி இருந்தால்தான் உயிர்.
கனடாவில் இருக்கும் என் அண்ணன்மாரைப் பற்றி
ஒரு வசனம் சொல்ல வாய் திறந்தேன்.
"உவமை வேண்டாம்" என்றாள் ஆரபி,
"வெப்பநிலையை எழுது."

எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
உலையின் வாயால் மண்ணிறப் புகை வரத் தொடங்கிய நேரம்
கரண்ட் போனது.
அந்த வருசம் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து,
எழுத்துக்கு ஒரு நேரம்.
எங்கள் எழுத்து அன்றைக்குச் சொல்லாமல் வந்தது.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை.
இருட்டில் புகைக்கூண்டும் நின்றுவிட,
யன்னலைத் திறந்துவிட்டு வெளியில் நின்றோம்.
திரும்பி வந்தபோது உலை தொண்ணூறில்.
விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.
கொப்பியில் ஆரபி எழுதினாள்:
ஏழாவது. 2.40க்கு மின் இல்லை.
அழிக்கலாமா என்று நான் கேட்கவில்லை,
ஆனால் அவள் என்னைப் பார்த்தாள்.

ஆறாவதின் கதை வேறு.
கொழும்பிலிருந்து ஆறு கிழமை கழித்து வந்த ஐதரசன் சிலிண்டரில்
முக்கால்வாசி காற்றுப் போயிருந்தது.
மிச்சத்தில் இரவு முழுக்கக் கறுப்பை உலோகமாக்கி,
ஆறட்டும் என்று விட்டோம்.
ஆறிவிட்டது என்று நினைத்து யூட் குழாயைத் திறந்தான்.
நுளம்புத்திரி நுனிபோல
ஓரத்தில் ஒரு சிவப்பு.
அது நடந்து நடந்து
தூள் முழுவதையும் தின்றது.
சத்தமே இல்லை.
கோபாற்று என்றால் சுரங்கத்துப் பேயாம்,
யூட் எங்கேயோ வாசித்திருந்தான்,
அன்றைக்குத்தான் சொன்னான்.

ஏழாவதை அவன் தொடவில்லை.
இரண்டு இரவு, பதினொரு மணித்தியாலம் வீதம்,
காபனோரொட்சைட்டும் ஐதரசனும்
அந்த உமிச்சாம்பலைக் கடந்து போயின.
விடியக் கீழ்க்குப்பியில்
அடியில் தண்ணீர், அதுதான் கூட.
மேலே மெல்லியதாய் எண்ணெய், மூன்று மில்லிலீற்றர்.
சுவரில் கோயில் மெழுகுதிரி மாதிரி ஒரு மணம்.
அது யூட் சொன்னது,
அவன் குருநகர் ஆள்.

அவனுடைய தம்பியின் வள்ளம்
மண்ணெண்ணெய் இல்லாமல் இருபது நாளாய்க் கரையில்.
தம்பி கொண்டாவில் வரிசையில், கானோடு.
குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு யூட் கேட்டான்:
"இது எவ்வளவு தூரம் ஓடும்?"
ஆரபி உண்மையாகவே கணக்குப் பார்த்தாள்.
"கட்டின கயிறு அவிழ்க்கவும் காணாது."

அவன் சிரித்தான்.
வடிதாளில் ஒரு கீற்றுக் கிழித்து,
நனைத்து, கொளுத்தினான்.
எட்டுச் செக்கன் எரிந்தது.
அதையும் கொப்பியில் எழுதினோம்.

ஐந்தாவதைவிட ஏழாவது ஏன் நன்றாக வந்தது
என்று தெரியாது.
கரண்ட் போனதாலா, அதைத் தாண்டியுமா?
திரும்பச் செய்து பார்க்கவேண்டும்,
அதே இடத்தில் நாங்களே நிறுத்தி.
டின்னைத் தட்டிப் பார்த்தேன்.
எட்டாவதுக்குத் தூள் காணாது.
பரந்தனுக்குப் போக
பஸ் ஓடுதோ தெரியவில்லை.